அத்திம்பேரின் நெற்றி

என் அக்கா கணவருக்கு, அதாவது என் அத்திம்பேருக்கு, கையில் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் அதில் ஒரு தப்பு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணப் பத்திரிகை, ரயில் டிக்கெட், மருந்துச் சீட்டு, நாளைக்குத் தண்ணீர் வராது என்று மாடிப்படியில் ஒட்டிய நோட்டீஸ், எதுவானாலும் சரி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை முகத்துக்கு அரை அடி தூரத்தில் பிடித்துக்கொண்டு, முதலில் மேலிருந்து கீழே படிப்பார், பிறகு கீழிருந்து மேலே. கடைசியில், "இதுல ஒரு டிஸ்க்ரிபன்ஸி இருக்கு" என்பார், ஏதோ ஒன்று ஒத்துப்போகவில்லை என்று. அப்போது அவர் முகத்தில் வரும் சந்தோஷத்தைக் குழந்தை பிறந்த சேதி கேட்டவர்கள் முகத்தில்கூட நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தலைநகரில் நடந்தது இது. மந்திர் மார்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை. மயூர் விஹாரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை என்று பெட்டியோடு வந்தவள், ஆறு வருஷமாகியும் அந்தச் சின்ன அறையை விட்டு நகரவில்லை. அத்திம்பேர் ஒரு மந்திரி ஆபீசில் செக்‌ஷன் ஆபீசர். அவர் மேஜையைத் தாண்டி ஒரு கோப்பு சுத்தமாகப் போனதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்டு அவரோடு வேலை செய்தவர்கள் எப்படிப் பல்லைக் கடித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலனியில் இருப்பவர்கள் சான்றிதழ் நகல்களை எடுத்துக்கொண்டு அவரிடம் கையெழுத்து வாங்க வருவார்கள். அசல் உண்டா என்பார். இருந்தால் அசலையும் நகலையும் வரி வரியாக ஒப்பிட்டு, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுப்பார். இல்லையென்றால் லட்டு டப்பாவோடு வந்தவரையும் அந்த டப்பாவோடேயே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். ஒரு தடவை நான் வேறு வேலைக்கு மனு போட்டேன். என் பி.எட். சான்றிதழின் அசல் மாயவரத்தில் அம்மா பெட்டியில் இருந்தது. நகலை நீட்டினேன்.

"அசல் எங்க?"

"மாயவரத்துல இருக்கு அத்திம்பேரே. நான் பாஸ் பண்ணினது உங்களுக்குத் தெரியாதா? ரிசல்ட் வந்த அன்னிக்கு நீங்கதானே ஸ்வீட் வாங்கிண்டு வந்தேள்?"

"ஸ்வீட் வாங்கினது நிஜம். ஆனா 'அசலைப் பார்த்தேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும். நான் இன்னிக்கு அதைப் பாக்கலையே."

மனு போடும் கடைசித் தேதி போயே போய்விட்டது. நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, நான் பேசாததை அவர் கவனிக்கவே இல்லை.

கரோல் பாகில் ஒரு கல்யாணம். பத்திரிகையில் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று இருந்தது. தாலி கட்டும்போது பத்தேமுக்கால். அட்சதையைப் போட்டுவிட்டு நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய், "பதினஞ்சு நிமிஷம் டிஸ்க்ரிபன்ஸி" என்று சொல்லிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்தார். அந்த மனிதர் அப்புறம் எங்களிடம் வந்து சாம்பார் போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. அக்கா இலையைப் பார்த்தபடி, "இவரோட எங்கயும் வரப்படாதுடி" என்றாள். முப்பது தடவை சொல்லியிருப்பாள். முப்பது தடவையும் போனாள்.

இப்படிப்பட்டவருக்குத் தலைவலி வந்தது. மூன்று குளிர்காலமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆரம்பித்து நெற்றி முழுக்கப் பரவும். குனிந்து ஷூ லேஸ் கட்டினால் அதிகமாகும். கண் டாக்டர் கண்ணாடியை மாற்றினார். சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கான டிஸ்பென்சரியில் டாக்டர் ஜலதோஷ மாத்திரை கொடுத்தார். எதிர் ஃப்ளாட் ஆன்ட்டி ஓமத்தைத் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் சூடு பண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள். அத்திம்பேர் தலைவலிக்கு என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு, தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம் என்று கோடு கிழித்து எழுதிக்கொண்டிருந்தார். வலியில் துடித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்கிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்காதான் ஒருநாள், "ஏன்னா, உங்க கண்ணு ரெண்டும் ஒரே மட்டத்துல இல்லாத மாதிரி இருக்கே" என்றாள். அதற்குப் பிறகுதான் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். பஞ்சாபிக்காரர், நல்ல ஆகிருதி, அதிகம் பேசமாட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி எங்களுக்கும் காட்டினார். நெற்றி எலும்புக்குள் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு காற்று அறைகள். படத்தில் அவை கறுப்பாக இருந்தன. அதில் ஒன்றுக்குள் வெள்ளையாக, கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது.

"எலும்புதான். இருக்கக்கூடாத இடத்தில் வளர்ந்திருக்கிறது. கேன்சர் இல்லை" என்று ஹிந்தியில் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை வைத்துக்கொண்டே எண்பது வயதுவரை இருப்பவர்கள் உண்டு. சும்மா இருந்தால் நானும் சும்மா விட்டுவிடுவேன், வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்தால் போதும். ஆனால் இது அறையின் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறது. சளி வெளியே போக வழியில்லை. கண்ணுக்கு மேலிருக்கும் எலும்பையும் அழுத்துகிறது. ஒரு நல்ல ஜுரம் வந்து உள்ளே சீழ் பிடித்தால் கண்ணுக்குப் போகும், மூளைக்கும் போகும். எடுத்துவிட வேண்டும். வலது பக்கம்."

அத்திம்பேர் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் மூன்றுக்குப் பதில் சொன்னார். மூன்றாவது, எப்படி எடுப்பீர்கள் என்பது. அந்த அறையின் உருவத்தை எக்ஸ்ரே படத்திலிருந்தே கத்தரித்து, அந்தத் துண்டை நெற்றிமேல் வைத்து, அதன் ஓரமாகவே எலும்பை மூடி மாதிரி அறுத்துத் திறந்து, உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, மூடியைத் திரும்ப வைத்துத் தைத்துவிடுவார்களாம். நான் என் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அத்திம்பேருக்குக் கவலை வேறு.

"படத்தை வெட்டுவேளா? அது ரெக்கார்டாச்சே மேடம்" என்று இங்கிலீஷில் கேட்டார்.

டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

வெட்டுவதற்கு ஒன்று, ரெக்கார்டுக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுக்க ஏற்பாடாயிற்று. ஆப்பரேஷனுக்கு டிஸ்பென்சரி அனுமதிக் கடிதமும் வந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்த ஒழுங்கைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பால்கனிக் கண்ணாடியில் படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"இங்க வா. இந்தக் கட்டி எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்."

"ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்கான்? ரைட். பெர்மிஷன் லெட்டர்லயும் ரைட். ஒத்தன் தப்பாப் போட்டான், மத்தவா எல்லாரும் அதைப் பாத்துக் காப்பி அடிச்சுட்டா."

"டாக்டரும் ரைட்னுதானே சொன்னா?"

"மேடம் ரிப்போர்ட்டைப் படிச்சுட்டுச் சொன்னார். ரிப்போர்ட் தப்புன்னா அவர் சொன்னதும் தப்புதான்."

படத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஓர் 'ஆர்' எழுத்து இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "எக்ஸ்ரே எடுத்தவனோட இனிஷியல். பாத்தவன் இனிஷியல் போடணும், போட்டிருக்கான். அந்த மட்டும் ஒழுங்கு" என்றார். முப்பது வருஷம் ஆபீசில் காகிதத்தின் ஓரங்களில் இனிஷியலையே பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும்? எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உங்களுக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டேன். நோட்டைப் புரட்டிவிட்டு, "நடு" என்றார்.

"டாக்டரையே போய்க் கேட்டுடலாமே அத்திம்பேரே."

"அவாளுக்கு அடுத்த ஓ.பி. செவ்வாய்க்கிழமை. அன்னிக்குத்தான் எனக்கு அட்மிஷன். அதுக்குள்ள பேப்பர் சரியாகணும். பேப்பர் சரியானா எல்லாம் சரியாயிடும்."

பொருள், பார்வை என்று தலைப்பெல்லாம் போட்டு இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய் அனுமதிக் கடிதத்தைத் திருத்தி வாங்கி வர வேண்டியது நான். பயந்துவிடுவாள் என்று அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, பனியில் நடுங்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். கிளார்க் கடிதத்தைப் படிக்கவே இல்லை. ஆப்பரேஷன் செய்யும் டாக்டர் கையெழுத்து வேண்டும், வாங்கிக்கொண்டு நாளைக்கு வா என்றான். மூன்று வாரமாக அந்தத் தலைக்காக நான் நின்ற வரிசைகளும், போட்ட லீவுகளும், தலைமை ஆசிரியை பார்த்த பார்வையும் எல்லாம் சேர்ந்து எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது.

"மேடம் நே போலா ஹை" என்றேன். டாக்டரே சொன்னார் என்று. பச்சைப் பொய். "ஜல்தி கீஜியே, நாளைக்கு அட்மிஷன்" என்று அவசரப்படுத்தினேன்.

அவன் 'ரைட்'டை அடித்து 'லெஃப்ட்' என்று எழுதி, பக்கத்தில் ஏதோ கிறுக்கி, முத்திரை குத்திக் கொடுத்தான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அத்திம்பேர் ஆபீசிலிருந்து வந்ததும் பெருமையாகத்தான் சொன்னேன். அக்கா காய்கறி வாங்கப் போயிருந்தாள். நான் சொல்லி முடித்ததும் அத்திம்பேர் முகம் மாறிவிட்டது.

"மேடம் சொல்லலையே."

"அதனால என்ன? நீங்க கேட்டது கெடச்சுதா இல்லையா?"

"பொய் சொல்லி வாங்கின கரெக்‌ஷன். நாளைக்கு ஒத்தர் கேட்டா என்ன சொல்லுவே? காலம்பற போய்த் திருப்பிக் கொடுத்துட்டு முறையா வாங்கிண்டு வா."

"நான் போகமாட்டேன். வேணும்னா நீங்களே போங்கோ. எனக்கு உங்க பேப்பரும் வேண்டாம், உங்க தலையும் வேண்டாம்."

அப்படியேதான் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். அவர் உள்ளே போய், இரண்டு துண்டுக் காகிதத்தில் 'லெஃப்ட்' என்று எழுதி இரண்டு படத்திலும் ஒட்டினார். முறை தப்பு என்பதில்தான் அவருக்கு வருத்தம். கட்டி எந்தப் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை சேர்த்தோம். புதன்கிழமை ஆப்பரேஷன். வார்டில் இருந்த ஜூனியர் டாக்டர், காகிதக் கட்டின் மேலே இருந்த முத்திரை போட்ட கடிதத்தைப் பார்த்து, மறுநாள் பட்டியலில் 'லெஃப்ட்' என்று எழுதிக்கொண்டு போனான். அத்திம்பேர் தலையணையில் சாய்ந்துகொண்டு, அட்மிஷன் சீட்டில் ஒரு வயது கூடுதலாகப் போட்டிருப்பதைத் திருத்திக்கொண்டிருந்தார். அக்கா ஃப்ளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். எதுவும் கேட்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் அவருடைய இரண்டு புருவத்துக்கும் அடியில் வைத்து மேல்நோக்கி அழுத்தினார். இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம் அழுத்தியதும் அத்திம்பேர் "அப்பா" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் பட்டியலைப் பார்த்தார். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒட்டியிருந்த துண்டைக் கண்டார்.

"இது யார் ஒட்டியது?"

"நான்தான் மேடம். டிஸ்க்ரிபன்ஸி இருந்தது."

டாக்டர் அவருக்கு நேர் எதிரே போய் நின்றார். "என்னைப் பாருங்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். உங்கள் வலது கண் என் இடது கைப்பக்கம் இருக்கிறது. படத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இந்த ஆர், ரைட்டுக்காகப் போட்டது. எல்லாப் படத்திலும் இருக்கும்." குரலை உயர்த்தவே இல்லை. அந்தத் துண்டை நகத்தால் உரித்து எடுத்தார். "நான் நாளைக்கு இந்தப் படத்தை வெட்டி உங்கள் இடது நெற்றியில் வைத்திருப்பேன். நல்ல எலும்பைத் திறந்து, அந்தப் பக்கத்தில் மூளையின் உறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குடைந்திருப்பேன்."

அக்கா ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தாள். மூடி உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. யாரும் எடுக்கவில்லை.

டாக்டர் அனுமதிக் கடிதத்தைத் திருப்பினார். கிளார்க் ஓரத்தில் கிறுக்கியிருந்ததைப் படித்தார். 'டாக்டர் சொன்னபடி.' தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் எழுதி வைத்துவிட்டான்.

"நான் சொல்லவில்லை" என்றார் டாக்டர். "நான் சொன்னதாக அங்கே போய்ச் சொன்னது யார்?"

அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சித்தி பெண் ஒருத்தி கிருகப்பிரவேசத்துக்கு வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள் என்பதற்காக அவளோடு பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவள் அக்கா. புருஷன் தலையைத் தப்பாக வெட்டும்படி பொய் சொல்லிவிட்டு வந்தவளை என்ன செய்திருப்பாள்? எனக்கு அந்த ஊரில் அவள் வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை. அவளை விட்டால் வேறு ஆளும் இல்லை. வாயைத் திறந்தேன். அக்கா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"மைனே போலா தா" என்றார் அத்திம்பேர். நான்தான் சொன்னேன் என்று. "திங்கட்கிழமை ஆபீஸ் போகிற வழியில் நானே டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் சொன்னார் என்றால்தான் திருத்துவார்கள் என்று அப்படிச் சொன்னேன். என் தப்பு மேடம்."

ஒரு நகலில் உண்மையில்லாத கையெழுத்தைப் போடாத மனுஷன், டாக்டர் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னார். நாளும் வழியும்கூடச் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர் 'லெஃப்ட்'டை அடித்துத் தன் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவாலேயே அவருடைய வலது புருவத்துக்கு மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டாக்டர் தலை மறைந்ததும் அக்கா ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

"பொய் சொன்னேளா? நீங்களா? உங்க தலைக்கே பொய் சொல்லி உலை வெக்கப் பாத்தேளா? நான் என்ன ஆவேன்னு ஒரு நிமிஷம் நெனச்சேளா?"

"தப்புதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து தன்னைப் பற்றி அவர் அக்காவிடம் சொல்லியிராத வார்த்தை.

மறுநாள் நாலு மணி நேரம் ஆயிற்று. வலது பக்கம்தான். எடுத்ததைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். தந்தம் மாதிரி வழவழவென்று இருந்தது. பத்தே நாளில் வீட்டுக்கு வந்து, டிஸ்சார்ஜ் சீட்டில் இரண்டு தப்பு கண்டுபிடித்தார். தலைவலி நோட்டுக்கு அப்புறம் வேலை இருக்கவில்லை. மனிதர் ஒரு துளி திருந்தவும் இல்லை. நோயாளி பார்க்கிற மாதிரியே ஏன் எக்ஸ்ரேயை மாட்டக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி, அதற்கு நினைவூட்டல் கடிதமும் எழுதினார். எனக்குக் கோபம்தான் வந்தது.

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று எத்தனையோ தடவை தீர்மானித்திருக்கிறேன். ஒருநாள் அத்திம்பேரும் நானும் பால் பூத் வரிசையில் நிற்கும்போது அவரிடம் கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு எதுக்கு அப்படிச் சொன்னேள்? நான் சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லியிருக்கமாட்டே" என்றார். பிறகு பால் வரும் நேரம் எழுதியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா அப்புறம் எங்க போய் இருப்பே?" என்றார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அக்கா யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பமாட்டாள். ஊரையெல்லாம் திருத்தின மனுஷன், தானே பொய் சொல்லித் தன் தலையையே மாற்றி வெட்டிக்கொள்ளப் பார்த்தார் என்று சொல்லிச் சிரிப்பாள். அவர் உயிரோடு இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து, "ஆமாம், பண்ணினேன்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வரும். இந்த ஒன்றையாவது திருத்தித் தொலையுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருக்கும்.

போன வாரம்கூட யாரிடமோ சொன்னாள். நான் உள்ளே போய்க் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்து வைத்தேன்.